ஏழாவது பிரெட்டுக்கு மூன்று வேலை: ஒரு சிறு கிட்டார் துண்டைப் பிரித்துப் பார்ப்போம்

குமரி மாவட்டத்தில் கிட்டார் பழகுகிறவர்களில் நிறையப் பேருக்கு முதல் மேடை சர்ச்தான். ஞாயிறு ஆராதனை, டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ், நடுவில் ஒன்றிரண்டு கல்யாண வீடு. புதுப் பாட்டு கைக்கு வந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மக்கா, இதுக்கு கார்டு என்னடே?" வரிக்கு மேலே ஜி, சி, டி என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பாட்டு ஓடிவிடும்.

கிளாசிக்கல் கிட்டார் துண்டு ஒன்றைத் திறந்தால் அந்தக் கேள்விக்கு அங்கே பதில் இருக்காது. பெரும்பாலும் கார்டு பெயர் எழுதியிருக்க மாட்டார்கள். தாள் முழுக்கத் தனித்தனிச் சுரங்கள். எது பாட்டு, எது துணை என்பதே முதல் பார்வைக்குப் பிடிபடாது. அதனால் புதிதாகப் பழகுகிறவர்கள் விரல் போகும் வழியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். வாசிப்பும் வந்துவிடும். ஆனால் பாதியில் ஒரு விரல் தவறினால் மறுபடி முதலிலிருந்துதான். எந்த இடத்தில் நிற்கிறோம், அடுத்து எங்கே போகிறோம் என்பது தெரிந்திருந்தால் அப்படி ஆகாது.

மெலடி என்பது நாம் முணுமுணுக்கிற வரி. ஒரு சுரத்துக்குப் பின் இன்னொன்று என்று முன்னால் நகர்வது. ஹார்மனி என்பது ஒரே நேரத்தில், அல்லது கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், ஒலிக்கிற சுரங்களுக்குள் இருக்கும் உறவு. மூன்று சுரம் சேர்ந்தால் ஒரு கார்டு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இரண்டையும் தனித்தனியே எழுதி வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். மெலடியில் இந்தச் சுரம் இருக்கிறதே, அதற்குக் கீழே இப்போது என்ன ஒலிக்கிறது, அந்தக் கூட்டத்தில் இது உள்ளாளா வெளியாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். வேலையே அதுதான்.

கிட்டார் எடுத்த எல்லோரும் ஒருமுறையாவது தடவிப் பார்த்த துண்டையே எடுத்துக்கொள்வோம்: ஸ்பானிஷ் ரொமான்ஸ். எழுதியவர் யார் என்று இன்றுவரை முடிவாகவில்லை. பல பதிப்புகளில் பெயருக்குப் பதில் 'அனானிமஸ்' என்றே அச்சிடுவார்கள். 1952இல் வெளியான ஒரு பிரெஞ்சுப் படத்துக்காக ஸ்பானியக் கிட்டார் கலைஞர் நார்சிசோ யெப்பஸ் வாசித்த பிறகு இது உலகம் முழுக்கப் பரவியது. இரண்டு பாதி: முதல் பாதி ஈ மைனரில் 16 பார் (பார் என்றால் தாளின் ஒரு கட்டம், ஒரு தாளச் சுற்று), இரண்டாம் பாதி ஈ மேஜரில். இங்கே முதல் பாதியை மட்டும் பிரிக்கலாம். பதிப்புக்குப் பதிப்பு சின்ன மாற்றங்கள் உண்டு. பரவலாக வாசிக்கப்படும் வடிவத்தை வைத்தே சொல்கிறேன்.

கிட்டாரைத் தொடும் முன் தாளக்கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு பாருக்கு மூன்று அடி, ஒவ்வொரு அடியும் மூன்றாக உடைகிறது. நம் கணக்கில் திஸ்ர நடை. ஆக ஒரு பாரில் ஒன்பது தட்டு. அடியின் முதல் தட்டு மோதிர விரலுக்கு, அது முதல் கம்பியில். அடுத்தது நடுவிரலுக்கு, இரண்டாம் கம்பியில். மூன்றாவது ஆள்காட்டி விரலுக்கு, மூன்றாம் கம்பியில். பாரின் முதல் அடியில் மட்டும் கட்டைவிரல் ஒரு பேஸ் சுரத்தை, அடியில் ஒலிக்கும் கனத்த சுரத்தை, போடும். பிரிப்பதற்கு இது வசதியான துண்டு என்று சொல்வதற்குக் காரணமே இந்த ஏற்பாடுதான். மெலடி முழுவதும் முதல் கம்பியில், பேஸ் கட்டைவிரலில், நடுவில் இரண்டு கம்பிகளில் துணை. பிரித்து வைத்தே எழுதியிருக்கிறார்கள்.

முதல் கம்பியை மட்டும் தனியாக எடுங்கள். திறந்த கம்பி, அதாவது விரல் அழுத்தாத கம்பி, ஈ. அதையே சட்ஜமாக வைத்துக்கொண்டால் பிரெட் (கிட்டாரின் கழுத்தில் விரல் வைக்கும் கட்டம்) எண்கள் இப்படி வரும்: 2 ரி, 3 க, 5 ம, 7 ப, 8 த, 10 நி, 12 மேல் சட்ஜம். கீழே 'சா' என்று நெடிலில் இருப்பது மேல் சட்ஜம். மெலடி இதுதான்:

ப ப ப | ப ம க | க ரி ச | ச க ப
சா சா சா | சா நி த | த ப ம | ம ப த
ப த ப | நி த ப | ப ம க | க ரி ச
ரி ரி ரி | ரி க ரி | ச

கடைசி சட்ஜம் இரண்டு பாருக்கு நீள்கிறது. கிட்டார் இல்லாமல் இதை வாயால் பாடிப் பாருங்கள். கர்நாடக சங்கீதம் பழகியவர்களுக்கு உடனே தட்டுப்படும்: நடபைரவி, 20ஆவது மேளம். மேற்கே இதையே நேச்சுரல் மைனர் என்பார்கள். மூன்றாவது வரியில் ஒரு இடம் மட்டும் இடறும். அங்கே வரும் நி வேறு நி. அதற்குப் பிறகு வருவோம்.

வடிவத்தைக் கவனியுங்கள். பஞ்சமத்தில் நின்று, படிப்படியாகச் சட்ஜத்துக்கு இறங்கி, அங்கிருந்து ச க ப சா என்று தாவி உச்சிக்கு ஏறுகிறது. இறங்கும்போது படி, ஏறும்போது தாவல். ஏறிப் போய் நிற்கும் இடம் பன்னிரண்டாவது பிரெட், கம்பியின் சரிபாதி. வழக்கமான கிளாசிக்கல் கிட்டாரில் கம்பி நீளம் 650 மில்லிமீட்டர் என்றால் அங்கே 325. முதல் பாதியில் இதற்கு மேல் மெலடி போவதில்லை. இன்னொன்று, பல பார்களில் கடைசிச் சுரமே அடுத்த பாரின் முதல் சுரமாக வருகிறது: க முடிந்து க, ச முடிந்து ச, த முடிந்து த. வரி அறுபடாமல் கோத்துக்கொண்டு போவது இதனால்தான்.

இப்போது கட்டைவிரல் மட்டும். முதல் ஆறு பாருக்கும் பேஸ் ஒரே சுரம்: ஈ, ஆறாம் கம்பி திறந்தபடி. ஏழும் எட்டும் ஏ, ஐந்தாம் கம்பி திறந்தபடி. ஒன்பதும் பத்தும் பி, ஆறாம் கம்பியில் ஏழாவது பிரெட். பதினொன்றும் பன்னிரண்டும் திரும்ப ஈ. பதின்மூன்றும் பதினான்கும் பி, இந்தத் தடவை ஐந்தாம் கம்பியில் இரண்டாவது பிரெட். கடைசி இரண்டும் ஈ. நடுக் கம்பிகளைச் சேர்த்துப் பார்த்தால் கார்டுகள் தெளிவாகிவிடும்: ஈ மைனர், ஏ மைனர், பி, ஈ மைனர், பி செவன், ஈ மைனர். ஒன்றாம் படி, நான்காம் படி, ஐந்தாம் படி, அவ்வளவுதான். கேரல் பாட்டுக்கு வாசிக்கிற அதே மூன்று படிகள், இங்கே மைனரில்.

கார்டு பெயரை எழுதியதும் நிறுத்திவிடாமல், அது எத்தனை பாருக்கு ஒருமுறை மாறுகிறது என்று பாருங்கள். ஆறு, இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு. முதலில் ஆறு பார் அசையவே இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஹார்மனி ஒரே இடத்தில் நிற்கிறது. நடுக் கம்பிகள் இரண்டும் திறந்தபடியே ஒலிக்கின்றன, பி, ஜி. அதாவது சட்ஜம் பேஸில், பஞ்சமமும் காந்தாரமும் நடுவில், விடாமல்.

இந்த இடத்தை எங்கள் பக்கத்துக் காதுக்குச் சொல்வது சுலபம். சுசீந்திரம் மார்கழித் திருவிழாவில் நாகசுரம் கேட்டவர்களுக்கு ஒத்து என்றால் தெரியும். அது ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்க, நாகசுரம் அதன் மேல் நடமாடும். இந்தத் துண்டின் முதல் ஆறு பாரை அந்தக் காதால்தான் கேட்க வேண்டும். அங்கே கதை முழுவதும் மெலடியில் இருக்கிறது, கார்டு மாற்றத்தைத் தேடினால் ஏமாந்துபோவோம்.

ஏழாவது பாரிலிருந்து வேறு காது வேண்டும். மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்து தொடங்கிய லண்டன் மிஷன் வழியில் வந்த சபைகளில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நான்கு பாகமாகப் பாடுவது ஊறிப்போன பழக்கம். ஆல்டோவில் நின்றவர்களுக்குத் தெரியும்: தன் சுரம் மாறாமல் இருக்கும்போதே கீழே பேஸ் நகர்ந்தால், பாடிக்கொண்டிருக்கும் அதே சுரம் திடீரென்று வேறு மாதிரிக் கேட்கும். ஹார்மனி என்பதை ஒரே ஒரு அனுபவமாகக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இந்தத் துண்டில் அதற்கு ஆதாரம் முதல் கம்பியின் ஏழாவது பிரெட். பஞ்சமம், பி என்ற சுரம். மூன்று இடங்களில் அதைத் தனியாகப் பார்ப்போம்.

முதல் பாரில் அது நான்கு பக்கமும் சொந்தக்காரர்களோடு இருக்கிறது. கீழே ஈ மைனர் கார்டு. அதன் சுரங்கள் ஈ, ஜி, பி. இரண்டாம் கம்பியிலும் அதே பி ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறது. எந்த உரசலும் இல்லை. மூன்று தடவை தட்டினாலும் அலுக்காமல் நிற்கிறது.

ஏழாவது பாரில் மெலடி த ப ம, அதாவது சி, பி, ஏ. கீழே கார்டு ஏ மைனர்: ஏ, சி, ஈ. நடுவில் வரும் ப, அதாவது அதே ஏழாவது பிரெட், இந்தக் கூட்டத்தில் இல்லை. இங்கே அது வெளியாள். சி-யிலிருந்து ஏ-க்குப் போகிற வழியில் ஒரு கணம் மிதிக்கும் சுரம். மேற்கத்திய இசையில் பாஸிங் நோட் என்பார்கள், கடந்துபோகிற சுரம். அதில் நின்று அழுத்தி வாசித்தால் பொருந்தாது. லேசாகத் தொட்டுவிட்டுப் போக வேண்டும்.

ஒன்பதாவது பாரில் ப த ப. கீழே பி கார்டு. இப்போது அதே ஏழாவது பிரெட் அந்தக் கார்டின் மூல சுரம். பேஸும் பி, மெலடியும் பி. இங்கே அது வீட்டுக்காரர்.

விரல் ஒன்று, பிரெட் ஒன்று, ஒலி ஒன்று. வேலை மூன்று. கிட்டாரில் இந்த மூன்று பாரையும் அடுத்தடுத்து மெதுவாக வாசித்து, ஏழாவது பிரெட் வரும்போது மட்டும் நிறுத்திக் கேளுங்கள். கட்டுரை எத்தனை படித்தாலும் வராதது அங்கே வந்துவிடும்.

இதே கேள்வியை மெலடியின் எல்லாச் சுரங்களுக்கும் கேட்கலாம். ஒரு பென்சிலால், கார்டுக்குள் இருக்கும் சுரத்துக்கு வட்டம், வெளியே இருப்பதற்குக் குறுக்குக்கோடு. ஐந்து நிமிட வேலை. முடித்துவிட்டுத் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும்: எல்லாப் பாரிலும் முதல் அடி வட்டம். ஒரு விதிவிலக்குகூட இல்லை. குறுக்குக்கோடுகள் விழுவது இரண்டாம் அடியில். இரண்டிலும் பதினொன்றிலும் ம, மூன்றிலும் பன்னிரண்டிலும் ரி, ஏழிலும் எட்டிலும் ப, ஒன்பதிலும் பத்திலும் த, பதினான்கில் க. பலமான அடியில் உள்ளாள், நடு அடியில் வெளியாள், கடைசி அடியில் மறுபடி உள்ளாள். எழுதியவர் பெயர் தெரியாவிட்டாலும் கை பழகிய கை என்பது இதில் தெரிகிறது.

வெளியாட்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. ப ம க என்று இரண்டு உள்சுரங்களுக்கு நடுவே வழியில் வந்தால் அது பாஸிங் நோட். ப த ப, ரி க ரி என்று பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே திரும்பினால் அது நெய்பர் நோட், அண்டைச் சுரம். ஆரம்பத்துக்கு இந்த இரண்டு வகை போதும். நூல்களில் இன்னும் அரை டஜன் பெயர் உண்டு, பயப்பட வேண்டாம்.

ஒழுங்கு உடைவது ஒரே பாரில். ஆறாவது பார்: சா நி த. கீழே இன்னும் ஈ மைனர்தான். சா உள்ளாள், நி வெளியாள், சரி. ஆனால் மூன்றாம் அடியில் வரும் த-வும் வெளியாள். முதல் பாதி முழுவதிலும் கடைசி அடி வெளியே விழுவது இங்கே மட்டும்தான். ஏன் இங்கே? அடுத்த பாரைப் பாருங்கள். அதுவும் த-வில்தான் தொடங்குகிறது, கார்டு ஏ மைனராகிவிட்டது, அதில் சி உள்ளாள். அதாவது மெலடி ஒரு அடி முன்னதாகவே புதுக் கார்டின் சுரத்துக்குப் போய்க் காத்திருக்கிறது, பேஸ் பின்னால் வந்து சேர்கிறது. ஆறு பாருக்கு அசையாமல் இருந்த ஹார்மனி முதல் தடவை நகரும் இடம் இது. அந்த நகர்வை அறிவிக்கும் சுரம் இந்த த. வாசிக்கும்போது ஆறாம் பாரின் கடைசி அடியை அவசரமாக விழுங்கிவிடுகிறவர்கள் அதிகம், இடது கை ஐந்தாவது பிரெட்டுக்கு ஓட வேண்டியிருப்பதால். கை ஓடட்டும், த-வின் நீளம் குறையக்கூடாது.

இனி அந்த வேறு நி. பத்தாம் பார்: நி த ப. ஆறாம் பாரில் வந்த நி பத்தாவது பிரெட், கைசிகி நிஷாதம். இங்கே சுண்டுவிரலை நீட்டிப் பிடிக்கிற நி பதினோராவது பிரெட், காகலி நிஷாதம். நடபைரவியில் இது இல்லை. இந்தப் பாரில் மெலடி கீரவாணிக்குள், 21ஆவது மேளத்துக்குள், காலை வைக்கிறது. மேற்கே ஹார்மோனிக் மைனர் என்ற பெயரில் அறியப்படுவதும் இதே அமைப்புதான். அந்தப் பெயரிலேயே காரணமும் இருக்கிறது: இந்த நி ஹார்மனிக்காக உயர்த்தப்பட்டது. ஐந்தாம் படியில் பி மைனர் கார்டு போட்டால் ஈ-க்குத் திரும்பும் இழுப்பு மந்தமாக இருக்கும். அதன் நடுச் சுரமான டி-யை அரைச்சுரம் உயர்த்தி டி ஷார்ப் ஆக்கினால் பி மேஜர். சட்ஜத்துக்கு ஒரே பிரெட் தூரத்தில் ஒரு சுரம் வந்து நின்றுவிடுகிறது. ஒன்பது, பத்து பார்களில் ஆள்காட்டி விரல் ஏழாவது பிரெட்டில் கம்பிகள் மேல் படுத்துக் கிடக்க, மூன்றாம் கம்பியின் எட்டாவது பிரெட்டில் அந்த டி ஷார்ப் உள்ளுக்குள் ஓயாமல் ஒலிக்கிறது. பத்தாம் பாரில் அது மெலடிக்கே ஏறிவிடுகிறது.

ஏறியது சட்ஜத்துக்குப் போகவில்லை. எல்லாக் காதும் நி சா என்று எதிர்பார்க்கும் இடத்தில் நி த ப என்று கீழே விழுகிறது. அதுவும் நி-க்கும் த-வுக்கும் இடையே மூன்று பிரெட் பள்ளம், கீரவாணியின் முத்திரை. சுரத்தின் உயரத்தில் உச்சி ஐந்தாம் பார்தான். ஆனால் நெஞ்சைப் பிடிக்கிற இடம் எது என்று கேட்டால் என் பதில் இந்தப் பத்தாம் பார். உச்சிக்கு ஏறியபோது கீழே எல்லாம் அமைதியாக இருந்தது. இங்கே உயரம் ஒரு பிரெட் குறைவு, ஆனால் கீழே கார்டும் சேர்ந்து இழுக்கிறது. இரண்டையும் ஒரே பலத்தில் வாசிப்பவர்கள் நல்ல இடத்தை வீணாக்குகிறார்கள் என்பது என் கட்சி.

பதின்மூன்றாம் பாரின் பி செவனில் ஒரு வேடிக்கை. பேஸ் பி, மூன்றாம் கம்பியில் ஏ, இரண்டாம் கம்பி திறந்த பி, மெலடியில் எஃப் ஷார்ப். எண்ணிப் பாருங்கள்: டி ஷார்ப் எங்கே? இல்லை. நான்காம் கம்பியில் விரல் வைத்திருந்தாலும் வலது கை அதைத் தட்டுவதில்லை. மேஜரா மைனரா என்று முடிவு செய்யும் சுரமே இல்லாமல் கார்டு நிற்கிறது. ஆனாலும் யாருக்கும் சந்தேகம் வராது, மூன்று பாருக்கு முன் கேட்ட டி ஷார்ப் இன்னும் நினைவில் இருப்பதால். அப்புறம் முடிவு: எஃப் ஷார்ப் ஈ-க்கு இறங்க, ஏ ஜி-க்கு இறங்க, பேஸ் பி-யிலிருந்து ஈ-க்கு வர, வீடு சேர்ந்தாயிற்று. ஐந்திலிருந்து ஒன்றுக்கு வரும் இந்த முடிப்புக்குக் கேடன்ஸ் என்று பெயர். கொயரில் 'ஆமென்' பாடியவர்கள் அதை நான்கிலிருந்து ஒன்றுக்கு வரும் வேறொரு கேடன்ஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பேஸ் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

இடையில் ஒரு நடைமுறை விஷயம். இதெல்லாம் நைலான் கம்பி கிட்டாரில் கேட்டால்தான் நடுக் குரல்கள் மெலடியை மூடாமல் இருக்கும். குளச்சல், முட்டம் பக்கம் இருப்பவர்களுக்கு அதில் இன்னொரு லாபமும் உண்டு: கடற்காற்றில் ஸ்டீல் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், நைலானுக்கு அந்தத் தொல்லை இல்லை. பேஸ் கம்பிகளின் மேல் சுற்றிய உலோகம் மட்டும் கருக்கும். வாசித்து முடித்ததும் ஒரு உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

இரண்டாம் பாதியை நீங்களே பிரியுங்கள். தொடங்கும் இடத்தை மட்டும் காட்டிவிடுகிறேன். சட்ஜம் மாறவில்லை, பேஸ் அதே ஈ. மெலடி மட்டும் மூன்றாவது பிரெட்டில் இருந்த காந்தாரத்தை விட்டு நான்காவது பிரெட்டின் காந்தாரத்தில் தொடங்குகிறது, ஜி ஷார்ப். மேளக்கணக்கில் நடபைரவியிலிருந்து சங்கராபரணம், 29ஆவது. தைவதமும் நிஷாதமும்கூட ஒரு பிரெட் ஏறியிருக்கும். முதலில் முதல் கம்பியை மட்டும் எழுதிப் பாடுங்கள், பிறகு கட்டைவிரலை மட்டும் வாசியுங்கள், பிறகு நடுக் கம்பிகளைச் சேர்த்துக் கார்டு பெயர் எழுதி வட்டமும் குறுக்குக்கோடும் போடுங்கள். சங்கராபரணத்துக்கு வெளியே உள்ள சுரம் எங்காவது வந்தால் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, அதற்கு அடுத்த பாரில் பேஸ் எங்கே போகிறது என்று பாருங்கள்.